அம்மாவின் டிக்கட்டில் அப்பாவின் பெயர்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. அடிலெய்டில் நான் பெயர் கொடுத்துக் காத்திருந்த அறுவைச் சிகிச்சைக்கு நாள் கிடைத்தது. கழுத்தில், தைராய்டுச் சுரப்பியில், ஒரு கட்டி. நல்லதா கெட்டதா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள்.

2. ஆஸ்பத்திரி ஒரு நிபந்தனை வைத்தது. வீட்டுக்குப் போன பிறகு முதல் ஏழு நாளும் வயது வந்த ஒருவர் என்னோடு தங்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்த நாள் இன்னொருவருக்குப் போகும். நான் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போவேன்.

3. நான் இங்கே தனியாக இருப்பவள். மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையிலிருந்து அம்மா, "நான் வாரேன்" என்றார். அம்மா அதுவரை விமானம் ஏறியதில்லை.

4. விமானங்களையும் கடனட்டைகளையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டு, ஆகக் குறைந்த விலையில் ஒரு டிக்கட் எடுத்தேன்.

5. கட்டுநாயக்க விமான நிலையத்தில் அம்மாவை ஏற்ற மறுத்துவிட்டார்கள்.

6. அந்த நேரம், அம்மாவை வழியனுப்ப வந்த எங்கள் வேன் விமான நிலையத்தை விட்டுப் போயிருக்கவில்லை.

ஆறாவதை என் அட்டவணையில் 'தவிர்க்கக்கூடிய செலவு' என்று குறித்திருந்தேன்.

ஊரில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பவை இரண்டு கேள்விகள். எந்த விமானத்தில் போனால் மலிவு? கடனட்டையில் புள்ளி சேர்த்தால் உண்மையிலேயே சும்மா பறக்கலாமா? இரண்டுக்கும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

அட்டவணை

மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். மற்றவர்கள் செய்து முடித்த ஒன்று எந்த இடத்தில் உடையும் என்று தேடிக்கொண்டே இருப்பேன். வீட்டு விஷயங்களையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் மனம் அடங்கும்.

நான் தேடியபோது கொழும்பிலிருந்து அடிலெய்டுக்கு நேர் விமானம் இருக்கவில்லை. எங்காவது ஓரிடத்தில் இறங்கி மாற வேண்டும். மலிவு விமானத்தின் டிக்கட் விலையை மட்டும் பார்த்தால் முழுச்சேவை விமானத்தின் பாதிக்குக் கிட்டத்தான் வரும். ஆனால் அது வெறும் இருக்கையின் விலை. பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி, ஜன்னலோரம் வேண்டுமென்றால் அதற்கும் தனி. கையில் கொண்டுபோவது ஏழு கிலோவுக்கு மேல் போனால் வாசலில் நிறுத்தி நிறுப்பார்கள். பயணம் நின்றுபோனால் பணம் வராது. முழுச்சேவை விமானத்தில் முப்பது கிலோ வரை கொண்டுபோகலாம், சாப்பாடு உண்டு. முதல் விமானம் தாமதித்தால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

ஒரு பெட்டியோடு வரும் ஒருவருக்கு, எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் மலிவு விமானம்தான் குறைவாக வந்தது. ஆனால் மாத்தளையிலிருந்து யார் ஒரு பெட்டியோடு வருகிறார்கள்? அம்மா வரப்போவது தெரிந்ததும் வீட்டுக்குப் பார்சல்கள் வரத் தொடங்கிவிட்டன.

"சின்னம்மா மிளகு குடுத்திருக்கு. கராம்பு மாமா வீட்டுது. அப்புறம் ஒன்னோட கணக்கு டீச்சர் அவங்க மகனுக்குன்னு ஒரு பார்சல் கொண்டாந்து வச்சிட்டுப் போனாங்க" என்றார் அம்மா தொலைபேசியில்.

"அவங்க மகன் எங்கம்மா இருக்காரு?"

"மெல்பனாம். ஒனக்குப் பக்கத்துலதானே."

"பக்கமில்லம்மா. ராத்திரி பூரா பஸ்ல போகணும்."

"அப்ப லீவு நாளாப் பாத்துப் போய்க் குடு."

பெட்டிக்கு இன்னும் பத்துக் கிலோ சேர்த்து வாங்கினேன். அப்படியும் மலிவு விமானம் முன்னால் நின்றது, ஒரு மயிரிழையில். அந்த மயிரிழையை நான் வெற்றியென்று எடுத்துக்கொண்டேன்.

புள்ளிகள்

இனிக் கடனட்டை. இங்கே பல வங்கிகள் பயணப் புள்ளி தரும் அட்டைகளை வைத்திருக்கின்றன. அட்டையை எடுத்து முதல் சில மாதங்களுக்குள் அவர்கள் சொல்லும் தொகைக்குச் செலவு செய்தால் ஒரே தடவையில் பெரிய எண்ணிக்கையில் புள்ளி தருவார்கள். அதன் பிறகு செலவு செய்யச் செய்ய எறும்பு ஊர்வது போலச் சேரும். அந்தப் புள்ளிகளை விமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றி இருக்கை எடுக்கலாம்.

அப்பா மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடையொன்றில் களஞ்சியம் பார்க்கிறவர். இதை அவருக்கு விளக்கியபோது ஒரே கேள்வியில் என்னை மடக்கினார்.

"அவன் ஏன் சும்மா குடுக்கிறான்?"

சரியான கேள்வி. சும்மா கொடுப்பதில்லை. அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. மாத முடிவில் முழுவதையும் கட்டாமல் மிச்சம் வைத்தால், அந்த வட்டியில் புள்ளியின் பெறுமதி இரண்டே மாதத்தில் கரைந்துவிடும். புள்ளியில் எடுத்த டிக்கட்டுக்கும் விமான நிலைய வரிகளைக் காசாகக் கட்ட வேண்டும். புள்ளிக்கென்று அவர்கள் ஒதுக்கும் இருக்கைகளும் கொஞ்சம்தான். பாடசாலை விடுமுறையில் தேடினால் ஒன்றுகூட அகப்படாது.

என்னிடம் இரண்டு வருடமாகச் சேர்த்த புள்ளிகள் இருந்தன. அம்மாவுக்காக அவற்றைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை என்று எழுதினால் தப்பாகத் தெரியும். உண்மையில் நான் கணக்குத்தான் பார்த்தேன். அந்த வரியோடு சேர்த்துப் பார்த்தால் காசு கொடுத்து மலிவு டிக்கட் எடுப்பதே லாபம் என்று அட்டவணை சொன்னது. அதோடு, டிக்கட்டை அட்டை தந்த வங்கியின் சொந்தப் பயணத் தளத்தில் எடுத்தால் மேலதிகப் புள்ளி தருவார்கள். அங்கேயே எடுத்தேன். அம்மாவின் பெயரை நான் எழுத வேண்டியிருக்கவில்லை. என் கணக்கில் அவசரத் தொடர்புக்கு அம்மாவைப் போட்டிருந்ததால், தளமே பெயரைக் கொண்டுவந்து நிரப்பியது. முத்துக்குமார் செல்வமணி. எங்கள் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையிலெல்லாம் இருக்கும் பெயர். ஒரு முறை பார்த்துவிட்டுச் சரியென்று அழுத்தினேன்.

வேன்

அட்டவணையில் பலாபத்வலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு என்ற வரிசையில் பஸ் என்று எழுதியிருந்தேன். அம்மாவோடு அப்பா மட்டும் போனால் போதும். இதைச் சொல்ல மாமாவை அழைத்தேன். மாமா அம்மாவின் தம்பி. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தையில் மரக்கறி எடுத்து நீர்கொழும்புக் கடைகளுக்குப் போடுகிறவர். வேன் அவருடையது.

"பஸ்லயா?" என்றார். "ஒங்கம்மா வெளிநாடு போறா. தம்புள்ளைக்கு வெங்காயம் வாங்கவா போறா?"

"அதுக்கில்ல மாமா. எல்லாரும் வந்தாலும் உள்ள விட மாட்டாங்க. வாசலோட நிப்பாட்டிருவாங்க."

"நிப்போம். அதுக்குத்தானே வாறோம்."

"உள்ள போனப்புறம் அம்மா வெளிய வரப்போறதில்ல. சும்மா எதுக்கு நிக்கிறீங்க?"

"ப்ளேன் ஏறுறதப் பாக்க வேணாமா? நீ போனப்பவும் நின்னோம். ஒனக்குத் தெரியாது."

தெரியாதுதான். நான் கண்ணாடிக் கதவுக்குள் போனதோடு அவர்களும் கிளம்பிவிட்டார்கள் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். வேனை நிறுத்திவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, நேரம் வந்ததும் வேலியோரம் நின்று, எழும்பிய ஏதோ ஒரு விமானத்தைப் பார்த்து, "அதுதான் வாணி போறது" என்று யாரோ சொல்ல, எல்லாரும் கை காட்டியிருக்கிறார்கள். அது எந்த ஊருக்குப் போன விமானமோ.

மாமாவிடம் வாதாடிப் பிரயோசனமில்லை. டீசலுக்கும் அதிவேகப் பாதைக்கும் ஒரு தொகையை எழுதி, பக்கத்தில் 'தவிர்க்கக்கூடியது' என்று போட்டேன்.

சனிக்கிழமை

எனக்கு அப்போது மத்தியானம் சாய்ந்திருந்தது. அம்மா படுக்க அறையில் புதுப் போர்வை விரித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் அழைப்பு.

"வாணி, இந்தப் புள்ள என்னய விட மாட்டேங்குது. டிக்கட்டுல இருக்கிறது வேற பொம்பளையாம்."

"என்னம்மா சொல்றீங்க?"

"எனக்கென்ன தெரியும்? நான் நானில்லயாம். நீயே கேளு."

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் போன் கைமாறியது. அவர் மரியாதையாகத்தான் பேசினார். டிக்கட்டில் குடும்பப் பெயர் முத்துக்குமார். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் சுப்பையா. செல்வமணி மட்டும் பொருந்துவது போதாது. கல்யாணச் சான்றிதழ் இருந்தால் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கல்யாணச் சான்றிதழ் பலாபத்வலையில் அலுமாரிக்குள் இருந்தது.

நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்மா பிறந்தபோது அவருடைய அப்பாவின் பெயர் முன்னால் வந்தது. கல்யாணம் ஆனதும் ஊரும் உறவும் அதை எடுத்துவிட்டு அப்பாவின் பெயரை வைத்தன. அரசாங்கத்திடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. அடையாள அட்டையிலும் அதைப் பார்த்து எடுத்த கடவுச்சீட்டிலும் அவர் இன்னும் சுப்பையாவின் மகள். கடிதங்களில் முத்துக்குமாரின் மனைவி. இரண்டும் இத்தனை வருடம் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருந்தன. வெளிநாட்டில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பிப் பழகிய நான்தான் கடிதத்தில் இருக்கும் பெயரைக் கொண்டுபோய் விமானத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

டிக்கட்டை விற்றவர்தான் பெயரைத் திருத்த வேண்டும் என்றது விமான நிறுவனம். விற்ற பயணத் தளத்தை அழைத்தேன். அலுவலகம் திங்கட்கிழமை திறக்கும் என்று ஒரு பதிவுக்குரல் சந்தோஷமாகச் சொன்னது. கவுண்டர் மூடும் வரை அம்மா அங்கேயே நின்றிருக்கிறார். பிறகு பெட்டியைத் தள்ளிக்கொண்டு அதே கண்ணாடிக் கதவால் வெளியே வந்தார்.

புதன்கிழமை அறுவைச் சிகிச்சை. அம்மா இப்போது தனியாக, ஆங்கிலம் தெரியாமல், அவ்வளவு பெரிய பெட்டியோடு வாசலில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டே மாமாவை அழைத்தேன்.

"அக்கா வந்துட்டா. இங்கதான் இருக்கா" என்றார் மாமா. "நாங்க இன்னும் சோத்துப் பார்சலே அவுக்கல."

பின்னால் அப்பாவின் குரல். "என் பேர்ல டிக்கட் போட்டா என்ன குத்தம்? நான் என்ன மூணாம் மனுசனா?"

அம்மா சொன்னார், "ஒங்க பேரு தபாலுக்கு மட்டுந்தான் செல்லுமாம். ஆகாசத்துக்கு எங்கப்பா பேருதான் வேணுமாம்."

வேன் முழுவதும் சிரித்தது. நான் போர்வையின் மேல் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகையில் பாதிக்கு மேல் நிம்மதி.

ஆளுக்கொரு அப்பா

மிச்சமிருந்தது புள்ளிகள். முழுச்சேவை விமான நிறுவனத்தின் புள்ளிப் பிரிவை அழைத்தேன். சனிக்கிழமையும் ஆள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் வழியாக ஓர் இருக்கை இருப்பதாக அந்தப் பெண் சொன்னார். கடைசி நேரத்தில் விற்காமல் கிடக்கும் இருக்கைகளைச் சில நேரம் புள்ளிக்குத் திறந்துவிடுவார்களாம். ஒரே ஒரு சிக்கல். அந்த நிறுவனத்தில் என் புள்ளியில் நான் குடும்பத்தாரை மட்டும்தான் அனுப்பலாம்.

"பயணி உங்களுக்கு என்ன உறவு?"

"அம்மா."

"உங்கள் குடும்பப் பெயர் முத்துக்குமார். அவருடையது சுப்பையா. அப்படியென்றால் அவர் மறுமணம் செய்தவரா?"

"இல்லை. முத்துக்குமார் என் அப்பாவின் பெயர்."

"அப்பாவின் குடும்பப் பெயர்தானே?"

"அப்பாவின் குடும்பப் பெயர் பழனியாண்டி."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது" என்றேன். "ஆளுக்கொரு அப்பாதான் இருக்கிறார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒரு மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து, அம்மாவை என் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார். இங்கே அலுவலகத்தில் என்னை 'முத்துக்குமார்' என்று அழைத்து மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்பா கடையில் ஆணி எண்ணிக்கொண்டிருக்க, அவர் பெயருக்கு இங்கே கூட்டத்துக்கு அழைப்பு வரும். ஆரம்பத்தில் திருத்துவேன். இப்போது விட்டுவிட்டேன்.

இந்த முறை பெயரைத் தளம் நிரப்ப விடவில்லை. கடவுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தின் ஓரத்தில் அப்பாவின் பெருவிரல் இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். இரண்டு வருடப் புள்ளிகள் ஏறக்குறைய முழுவதும் போயின. வரியைக் காசாகக் கட்டினேன். அந்த டிக்கட்டில் முப்பது கிலோ இருந்தது. ரத்துச் செய்தால் சிறு கட்டணத்தோடு புள்ளிகளும் திரும்பி வரும். அட்டவணையில் இந்த இரண்டுக்கும் நான் கட்டமே போட்டிருக்கவில்லை.

வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு நாளைக்கு வாங்க என்றேன். அம்மா மறுத்துவிட்டார்.

"பயணம்னு சொல்லிட்டு வாசப்படி எறங்கியாச்சு. திரும்ப ஏறினா பயணம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். ஒனக்குக் கழுத்துல கத்தி வைக்கப் போறாங்க. நான் வூட்டுக்குப் போகல."

நீர்கொழும்பில் மாமா மரக்கறி போடும் கடைக்காரர் நிஹால் அய்யா தன் வீட்டு முன்னறையைக் கொடுத்தார். வேனில் வந்த எல்லாரும் அங்கே பாய் போட்டுப் படுத்தார்கள். காலையில் அவருடைய மனைவி கிரிபத் சமைத்து, நல்ல காரியத்துக்குப் போகிறவர் பாற்சோறு சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லி அம்மாவுக்கு முதல் துண்டைக் கொடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மறுபடி கட்டுநாயக்கவுக்குப் போய், மறுபடி வாசலில் நின்று, விமானம் ஏறும் வரை பார்த்திருந்தார்கள். மாமா இந்த முறை தொலைபேசியில் பார்த்துச் சொல்ல, எல்லாரும் சரியான விமானத்துக்கே கை காட்டினார்களாம்.

கேட்டவர்களுக்கு

என் பதில் இதுதான். கைப்பையோடு மட்டும் போகிற, திகதி தவறினாலும் நட்டமில்லாத இளசுகளுக்கு மலிவு விமானம் நல்லது. முதல் முறை பறக்கும் பெற்றோருக்கும், தவறவிட முடியாத நாளுக்கும், முழுச்சேவையில் ஒரே டிக்கட்டாக எடுங்கள். மேலதிகப் புள்ளிக்கு ஆசைப்பட்டு இடையில் இன்னொருவரிடம் வாங்க வேண்டாம். சிக்கல் வந்தால் அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். மாதாமாதம் முழுவதையும் கட்ட முடிந்தவர் மட்டும் கடனட்டை எடுங்கள். புள்ளிகளை முழுவதும் செலவழிக்காமல் ஒரு டிக்கட்டுக்குப் போதுமானதை எப்போதும் வைத்திருங்கள். பெயரைக் கடவுச்சீட்டைப் பார்த்து மட்டும் எழுதுங்கள்.

வேனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் எப்படியும் எல்லாரையும் ஏற்றிக்கொண்டுதான் போவீர்கள்.

வந்து சேர்ந்தது

திங்கட்கிழமை காலை அடிலெய்டில் அம்மா கதவைத் தாண்டி வர நேரமெடுத்தது. உணவுப் பொருள் சோதனையில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். வருகை அட்டையில் உணவு பற்றிய எந்தக் கேள்விக்கும் 'ஆம்' என்று போடச் சொல்லியிருந்தேன், அம்மாவும் அப்படியே போட்டிருந்தார். மிளகும் கராம்பும் தப்பின. கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

"அந்த மனுசன் நல்லவரு" என்றார் அம்மா காரில். "மோந்து பாத்துட்டுத்தான் குப்பையில போட்டாரு."

பிறகு கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ப்ளேன்ல அந்தப் புள்ள வந்து, மிஸஸ் சுப்பையா, மிஸஸ் சுப்பையான்னு கூப்புடுது. எங்கம்மாவ எதுக்கு இங்க தேடுறாங்கன்னு திரும்பிப் பாத்தேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "எங்கப்பா அவரு ஊரு ரத்தோட்டையத் தாண்டி கண்டி வரைக்கும் போனதே ரெண்டு தடவதான்."

இப்போதைய நிலவரம்

அறுவைச் சிகிச்சை சொன்ன நாளிலேயே நடந்தது. கட்டி கெட்டது இல்லை என்று முடிவு வந்துவிட்டது. குரல் திரும்பிவிட்டது, விழுங்கும்போது மட்டும் கொஞ்சம் வலி. அம்மா என் மின்அடுப்பைத் திட்டிக்கொண்டே ரசம் வைக்கிறார். மலிவு டிக்கட்டின் பணம் திரும்பவில்லை, திரும்பாது. என் கணக்கில் புள்ளிகள் இல்லை. டீச்சரின் மகனுக்கான பார்சல் கதவோரம் இருக்கிறது. அம்மா திரும்பிப் போவதற்கான டிக்கட் எடுத்தாகிவிட்டது, சுப்பையா செல்வமணி என்ற பெயரில். மாமாவிடமும் சொல்லியாயிற்று. கூட்டிப் போக வேன் வரும், எல்லாரும் வருவார்கள். அந்த வரிசையில் 'தவிர்க்கக்கூடியது' என்பதை அழித்துவிட்டேன்.